என் சாவுக்கு என்ன பாட்டு போடணும்னு நான் சொல்லக் கூடாதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 63. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊர். சர்க்கரை இருக்கிறது, மற்றபடி நன்றாகவே இருக்கிறேன், சமைக்கிறேன், சாயங்காலம் ஆற்றுப்பாலம் வரை நடந்துவிட்டு வருகிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நான் எழுதப்போவதைக் கேட்டால் எல்லாரும் முதலில் கேட்பது "உடம்புக்கு என்ன?" என்றுதான்.

நான் போன பிறகு என்னை வீட்டில் கிடத்தியிருக்கும் நேரத்தில் என்னென்ன பாட்டு ஓட வேண்டும் என்று எழுதி, பாட்டுகளையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்திருக்கிறேன். மகளிடம் சொன்னேன். "அச்சானியமா பேசாதம்மா" என்று போனை வைத்துவிட்டாள். அப்புறம் மருமகனை விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறாள். அவர் ரொம்ப நயமாக, "அத்தை, ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா" என்கிறார். மகன் சிங்கப்பூரில். அவனுக்கு இன்னும் தெரியாது.

இந்த எண்ணம் சும்மா வந்ததில்லை. என் கணவர் 2022-ல் மாரடைப்பில் போனார். மகன் வந்து சேரும்வரை ஃப்ரீசர் பாக்ஸில் வைத்துக் காத்திருந்தோம். அந்த நேரம் முழுக்க ஒரு பையன் செல்போனை ப்ளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்து யூடியூப்பில் சிவபுராணம் ஓடவிட்டிருந்தான். நல்ல மனசோடுதான் செய்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உருகி உருகிப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் திடீரென்று ஒரு பெண் குரல், "உங்கள் தங்க நகைக்கு உடனடிக் கடன்!" என்று குதூகலமாக வந்து விழும். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே குரல். எடுக்கும் நேரத்தில் கேட்கவே வேண்டாம், சாவு மேளம், பேண்ட் செட், வெடி, அத்தனைக்கும் மேலே என் நாத்தனாரின் ஒப்பாரி. கோவில் கொடைக்கு ரேடியோ செட் கட்டினாலே ஜன்னலை அடைத்துக்கொள்கிற மனுஷன் அவர்.

சத்தம்தான் பிடிக்காது, பாட்டு என்றால் பைத்தியம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். கல்யாணமான புதிதில் கேசட் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து நைன்ட்டி கேசட்டில், அதாவது தொண்ணூறு நிமிடம் ஓடுவதில், பதிந்துகொண்டு வருவார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும், அறுந்த இடம் வரை எங்கள் இருவருக்கும் மனப்பாடம். என் பட்டியலில் முதலில் இருப்பது சுசீலா பாடியது, அவர் சவரம் செய்யும்போது விசிலடிப்பது. அடுத்து எம்.எஸ்.வி. தன் குரலிலேயே பாடிய ஒன்று, அதைக் கேட்டால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். பிறகு ஜானகி பாடிய ஒரு தாலாட்டு, மகள் தொட்டிலில் கிடந்தபோது அதை அவர் வரிகளை மாற்றி மாற்றித் தப்பும் தவறுமாகப் பாடுவார். கடைசியில் இளையராஜா 1986-ல் வெளியிட்ட வயலின் இசை, அதில் பாட்டே கிடையாது. அதைக் கேசட்டாக வாங்கி வந்த அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

எனக்கு மூன்று சந்தேகம். இப்படி யோசிப்பது மனநோயா? சாவு மேளமும் ஒப்பாரியும் கூடவே கூடாது என்று கண்டிப்பாக எழுதி வைக்கலாமா? இதையெல்லாம் உயிலில் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் கட்டுப்பட்டுத்தானே ஆகணும்?

பெயர் வேண்டாம், ஒரு வாசகி.

*

அன்புள்ள அம்மாவுக்கு,

மனநோய் இல்லை. தன் காரியத்துக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்து, எந்தப் புடவை கட்ட வேண்டும் என்றும் சொல்லி வைத்த பாட்டிகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களை யாரும் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: வயதானவர்கள் பழசைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது புத்தித் தளர்ச்சியால் இல்லை, முடிவு நெருங்கும் காலத்தில் மனசு இயல்பாகச் செய்கிற வேலை அது என்று. உங்கள் பட்டியலும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் ஒன்றை நேராகவே கேட்டுவிடுகிறேன், கடிதத்தை மட்டும் வைத்து எனக்குத் தெரியாது இல்லையா. "சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை", "இருந்து என்ன ஆகப்போகிறது" என்ற நினைப்பு வருகிறதா? தூக்கம் கெட்டுப்போயிருக்கிறதா? அந்தப் பாட்டுகளையே இப்போது கேட்கப் பிடிக்காமல் போய்விட்டதா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால் பென்டிரைவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, 14416-க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். 104-ம் இருக்கிறது. மகளிடமும் இதே கேள்விகளுக்கு வெளிப்படையாகப் பதில் சொல்லிவிடுங்கள். அவர் பயப்படுவது பாட்டைப் பார்த்து இல்லை.

சரி, இப்போது உங்கள் பட்டியல். சுசீலா பாட்டுக்கு அவர் விசிலடிப்பார். எம்.எஸ்.வி. பாட்டுக்கு அவர் பேச்சை நிறுத்துவார். தாலாட்டு அவர் பாடியது, வயலின் அவர் வாங்கி வந்தது. இதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது அம்மா? நீங்கள் எழுதி வைத்திருப்பது உங்கள் சாவுக்கான பட்டியலா, 2022-ல் அவருக்கு வாய்க்காமல் போனதா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. அப்படியென்றால் நீங்கள் சாகும்வரை அதைப் பூட்டி வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. அடுத்த திதிக்குப் பிள்ளைகள் கூடும்போது, சாப்பாடெல்லாம் முடிந்து எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், அதை அவருக்காகப் போடுங்கள். தாலாட்டு வரும்போது தொட்டில் கதையை மகளிடம் சொல்லுங்கள், அவர் கேட்டே இருக்க மாட்டார். அதற்கப்புறமும் உங்கள் சாவுக்கு என்று ஒரு பட்டியல் வேண்டும் என்று தோன்றினால் புதிதாக எழுதுங்கள், உங்கள் பாட்டுகளை வைத்து. இதே நான்கு பாட்டும் அதிலும் வந்தால் வரட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை.

மேளமும் ஒப்பாரியும் கூடவே கூடாது என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. புறநானூற்று 194-ம் பாட்டில் ஒரு வீட்டில் சாப்பறை, பக்கத்தில் இன்னொரு வீட்டில் மணமுழவு என்று பக்குடுக்கை நன்கணியார் பாடியிருக்கிறார், அவ்வளவு பழைய பழக்கம். பழசு என்பதற்காக அதை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அங்கே ஒரு வேலை இருக்கிறது. பறை அடுத்த தெருவுக்குச் சேதி சொல்லும். சங்கு ஊதினால் எடுக்கப் போகிறார்கள் என்று உள்ளே இருக்கிற பெண்களுக்குத் தெரியும். ஒப்பாரி வைப்பவர் போனவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழுவார், அதைக் கேட்டுத்தான் வாய் திறக்க முடியாமல் கல்லாக உட்கார்ந்திருப்பவர்களும் உடைந்து அழுவார்கள். உங்கள் நாத்தனாருக்குப் போனது அண்ணனோ தம்பியோ, கூடப் பிறந்தவர். அவர் வேறு எப்படி அழுவார்? உங்கள் சாவில் உங்கள் மகள் வாய்விட்டுக் கதறினால் "அம்மா ஒப்பாரி கூடாதுன்னு எழுதி வச்சிருக்கா" என்று யாராவது அவரை அடக்க வேண்டுமா?

மேளம் வேண்டாம் என்பது உங்கள் இஷ்டம், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "சாவு மேளம்" என்று மட்டமாக எழுதி வைக்காதீர்கள். சாவு வீட்டில் பறையடிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டாயமாகச் சுமத்திய ஊர்கள் இவை. இனி சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், அதே பறையைக் கலையாக மேடையேற்றியவர்களும் இருக்கிறார்கள். "எனக்கு மேளமும் வெடியும் வேண்டாம்" என்று ஒரு வரி போதும்.

உங்கள் பாட்டுக்கான இடம் எது என்று உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஃப்ரீசர் பாக்ஸைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து, சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்காகக் காத்திருக்கிற அந்த நீண்ட நேரம். முன்காலத்தில் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள், இத்தனை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது புதுசு, அதற்கென்று நம்மிடம் வழக்கம் ஒன்றும் கிடையாது, அதனால்தான் கையில் அகப்பட்டதை ஓடவிடுகிறார்கள். அந்த நேரத்தை உங்கள் பாட்டுக்கென்று கேட்டு வாங்குங்கள், சத்தம் குறைவாக, பேசுகிறவர்கள் பேசவும் அழுகிறவர்கள் அழவும் இடம் விட்டு. வயலினை முதலில் வைத்தால் நல்லது, வார்த்தை இல்லாததால் யார் அழுகைக்கும் குறுக்கே வராது. எடுக்கும் நேரத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

உயிலில் எழுதிப் பிரயோஜனம் இல்லை. உயிலை எடுத்துப் படிப்பதே பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒரே ஒரு தாளில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மகள் கையில் ஒன்றும் மருமகன் கையில் ஒன்றும் கொடுங்கள். சாவு வீட்டில் ஆள் அனுப்புவதும் சாமியானா சொல்வதும் அவர்தானே, டாக்டர் பேச்சை விட்டுவிட்டு இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பென்டிரைவ் ஸ்பீக்கரில் ஓடுகிறதா என்று இப்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். யூடியூப் வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மகனிடம் நீங்களே பேசுங்கள், வீடியோ காலில், உங்கள் முகம் தெரிகிற மாதிரி. வாட்ஸ்அப்பில் மட்டும் எழுதி அனுப்பிவிடாதீர்கள். "அம்மாவின் சாவுக்கான பாட்டுகள்" என்று ஒரு செய்தி போனால், பிள்ளை மிச்சத்தைப் படிக்காமல் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்.