மிளா மோதியதற்கு வேட்டை வழக்கா?

கேள்வி: நாகர்கோவிலில் வசிக்கிறேன். தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பால்வெட்டு நடத்தி வருகிறேன். சென்ற மாதம் ஒருநாள் அதிகாலை ஐந்து மணியளவில் சித்தப்பா மகனுடன் காரில் தோட்டத்துக்குப் போனபோது, வளைவு ஒன்றில் மிளா (கடமான்) குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தும் மோதிவிட்டது. அரை மணி நேரத்தில் அது இறந்தது. தம்பிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அங்கே கூடியவர்களில் சிலர் இறைச்சியைப் பங்கு போடலாம் என்றார்கள். நான் சம்மதிக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொன்னேன். வந்தவர்கள் காரைக் கொண்டுபோய்விட்டார்கள். சரணாலயத்துக்குள் வேட்டையாடியதாக வழக்கு வரும் என்றும், தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துத் தொகை கட்டினால் அன்றோடு முடிந்துவிடும் என்றும் ஊழியர் ஒருவர் சொல்கிறார். காப்பீட்டு நிறுவனமோ முதல் தகவல் அறிக்கை கேட்கிறது. நான் என்ன செய்ய வேண்டும், ஐயா?

பதில்: அன்று காலை தாங்கள் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது இறைச்சிப் பங்குக்கு உடன்படாததுதான். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 39-ஆவது பிரிவின்படி, இறந்து கிடக்கும் வன விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட வன விலங்கும் அரசின் சொத்தாகும். அது ஒருவர் கைக்கு எவ்வகையில் வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதிகாரம் பெற்ற அலுவலருக்கோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும். வன விலங்கின் இறைச்சி ஒருவரிடம் இருப்பதாக அரசுத் தரப்பு நிறுவிவிட்டால், அது சட்டவிரோதமாக வைத்திருந்தது அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையை 57-ஆவது பிரிவு அவர்மீதே ஏற்றிவிடுகிறது. 'செத்த மிளாதானே' என்று அரைக்கிலோ வாங்கிப்போய்க் குழம்பு வைத்தவர்களுக்காக வாதாடியிருக்கிறேன். விபத்தில் சிக்கிய ஓட்டுநரைவிட அவர்களைக் காப்பாற்றுவது கடினம்.

இனி 'வேட்டை' என்ற சொல்லுக்கு வருவோம். சட்டத்தின் 2(16)-ஆவது பிரிவு கொல்லுதல், காயப்படுத்துதல், பிடித்தல், விரட்டுதல் ஆகியவற்றையும் அவற்றுக்கான முயற்சிகளையும் 'வேட்டை' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. சொல்லை மட்டும் படித்தால், காரில் அடிபட்டு இறந்த மிளாவும் 'கொல்லப்பட்ட' விலங்குதான். ஊழியர்கள் அந்தச் சொல்லை எழுதுவதற்கு இதுவே காரணம். ஆனால் குற்றமனம் இல்லாமல் குற்றம் இல்லை என்பது குற்றவியல் சட்டத்தின் அடிப்படை விதி. ஒரு சட்டம் அந்த விதியை வெளிப்படையாக நீக்காதவரை நீதிமன்றங்கள் அதை உள்ளே வைத்தே படிக்கின்றன. அதைவிட வலுவான வாதம் அதே சட்டத்திலேயே இருக்கிறது. 39-ஆவது பிரிவு வேட்டையாடப்பட்ட விலங்கை ஒரு வகையாகவும், 'தவறுதலாகக் கொல்லப்பட்ட' விலங்கை வேறொரு வகையாகவும் பிரித்தே பேசுகிறது. எல்லாச் சாவும் வேட்டை என்றால் இரண்டாவது வகையைத் தனியாகச் சொல்ல நாடாளுமன்றத்துக்குத் தேவை இருந்திருக்காது.

இடம் எது என்பதும் முக்கியம். மோதல் நடந்த இடம் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலய எல்லைக்குள்ளா, அதை ஒட்டிய ரப்பர் தோட்டப் பகுதியா, வருவாய் நிலமா என்பதை வரைபடத்தோடு உறுதி செய்துகொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் வேட்டை என்று குற்றம் சாட்டினால் 51-ஆவது பிரிவின்படி குறைந்தபட்சத் தண்டனையே மூன்று ஆண்டுச் சிறை. அதிகபட்சம் ஏழு ஆண்டு. சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்பது பொது விதியானாலும், அதன் ஊடாகச் செல்லும் பொதுச்சாலையில் பயணம் செய்பவருக்கு 27-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. எனவே, தாங்கள் சென்றது யாரும் போகக்கூடிய பொதுச்சாலையா, சோதனைச்சாவடி தாண்டி அனுமதியுடன் மட்டும் செல்லும் மலைச்சாலையா என்பதைத் தங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அந்த ஊழியர் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 54-ஆவது பிரிவின்படி இணக்கத் தொகை பெற்றுக்கொண்டு நடவடிக்கையை முடிக்கலாம் என்பது உண்மை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தத் தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை போகலாம். ஆனால் அதை ஏற்கும் அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலருக்கே உண்டு. வனவருக்கோ வனக்காப்பாளருக்கோ கிடையாது. மேலும், குறைந்தபட்சச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட குற்றத்தை இணக்கத் தொகையால் முடிக்கவே முடியாது. ஆகவே 'சரணாலயத்துக்குள் வேட்டை' என்பதும் 'தொகை கட்டினால் முடிந்துவிடும்' என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க இயலாது. இரண்டில் எது தங்கள் வழக்கு என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஒப்புதல் எழுதிக் கொடுப்பதில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று மக்கள் பொதுவாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையோடு வனத்துறையிடமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இந்தச் சட்டத்தின் 50(8), 50(9) பிரிவுகளின்படி, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர் சாட்சியம் பதிவு செய்யலாம். குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவானால் அது பின்னர் விசாரணையிலும் ஏற்கப்படும். அதனால், யார் பதிவு செய்கிறார், அவர் எந்த நிலை அலுவலர் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நடந்ததை நடந்தபடி தாங்களே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்குங்கள். 'என் தவறால்', 'மன்னிக்கவும்' போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது. வருத்தப்படுவது மனித இயல்பு. ஆனால் அரசுக் கோப்புக்குள் போன வருத்தம் ஒப்புதலாகவே படிக்கப்படும்.

வேட்டைக் குற்றச்சாட்டுக்கு எதிராகத் தங்களிடம் இருக்கும் சான்றுகள் வலுவானவை. முதலாவது, தாங்களே வனத்துறையைக் கைப்பேசியில் அழைத்தது. வேட்டைக்காரன் வனத்துறையைக் கூப்பிடுவதில்லை. அந்த அழைப்புப் பட்டியலைத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து பெற்று, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழோடு வைத்திருங்கள். இரண்டாவது, கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அறிக்கை. துப்பாக்கிக் குண்டோ சுருக்குக் கம்பியோ இல்லை, வாகனம் மோதிய அடிதான் என்று அது சொன்னால் வேட்டைக் கதை அங்கேயே தளர்ந்துவிடும். அதன் நகலை விண்ணப்பித்துப் பெறுங்கள். காரின் முன்பக்கச் சேதமும் அதே கதையைத்தான் சொல்லும் என்பதால், புகைப்படம் எடுக்கும் வரை அதைப் பழுது பார்க்கக் கூடாது.

கார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தாங்கள் எழுதவில்லை. கைப்பற்றியதற்கான மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) நகல் தந்திருக்க வேண்டும். 50(4)-ஆவது பிரிவின்படி கைப்பற்றிய பொருளைத் தாமதமின்றி நடுவர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்திருக்கவும் வேண்டும். குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனம் அரசுச் சொத்தாகிவிடும் என்று 39(1)(டி) பிரிவு சொல்வதைக் காட்டி, வழக்கு முடியும்வரை கார் வராது என்று பயமுறுத்துவார்கள். 2008-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கில், இச்சட்டத்தின்கீழ் கைப்பற்றிய வாகனத்தையும் இடைக்காலமாக விடுவிக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த அதிகாரம் தரும் பிரிவு அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 497. எல்லைக்குட்பட்ட நடுவர் நீதிமன்றத்தில் ஆர்.சி. புத்தகம், காப்பீட்டு நகல் ஆகியவற்றோடு மனு போடுங்கள். வேட்டை என்றே வழக்கு பதிவாகியிருந்தால், முன்ஜாமீன் மனுவையும் உடனே போடுவது நல்லது.

காப்பீட்டைப் பொறுத்தவரை, தங்களுடையது முழுமையான பேக்கேஜ் பாலிசியா, தேர்டு பார்ட்டி மட்டுமா என்பதே முதற்கேள்வி. பின்னதாக இருந்தால் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முன்னதாக இருந்தால், விலங்கு மோதியதால் வந்த சேதம் விபத்துச் சேதமே. முதல் தகவல் அறிக்கை இல்லாமல் தரமாட்டோம் என்று நிறுவனம் சொன்னால், காவல் நிலையத்தில் மனு கொடுத்துப் பெற்ற சி.எஸ்.ஆர். ரசீது, வனத்துறையின் மகஜர், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் ஆகியவற்றை எழுத்து மூலம் அனுப்பி, கார் நிற்கும் இடத்திலேயே சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்வையிட வேண்டும் எனக் கேளுங்கள். விபத்தைக் காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவிப்பது மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு ஓட்டுநர்மீது சுமத்தும் கடமையும்கூட. தொலைபேசியில் சொன்னதோடு விட்டிருந்தால் இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நிராகரித்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ, நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமோ போகலாம்; ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

சித்தப்பா மகனைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் கால வரம்பு அவருக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆவது பிரிவு, யார்மீதும் கவனக்குறைவை நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் கேட்க வழி செய்கிறது. பேக்கேஜ் பாலிசி இருந்தால் அந்தச் சுமை காப்பீட்டு நிறுவனத்தின்மேல் போகும். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் காரில் இலவசமாகப் பயணம் செய்தவர் அதில் அடங்க மாட்டார், தொகை தங்கள் தலையில் விழலாம். விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. அண்ணன்மேல் தம்பி வழக்குப் போடுவதா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். உண்மையில் கேட்பது நிறுவனத்தின் பணத்தை என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு நீதிமன்றம் கேட்கப்போவது தாங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதை. தாங்கள் தினமும் அந்த வழியாகவே போக வேண்டியிருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மிளா இந்தியாவின் மான் இனங்களில் மிகப் பெரியது. வளர்ந்த ஆண் 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். பெரும்பாலும் இரவில் இரை தேடி, விடியும் வேளையில் காட்டுக்குத் திரும்பும் பிராணி. பால்வெட்டுக்குப் போகும் நேரமும் அது சாலை கடக்கும் நேரமும் ஒன்றே என்பதுதான் கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கத்துச் சாலைகளின் சிக்கல். அந்த நேரத்தில் தங்கள் விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம் எதுவாக இருந்தாலும், வேகப் பலகை என்ன சொன்னாலும், அது கவனக்குறைவாகவே கொள்ளப்படும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஒற்றை மிளா கடந்ததும் வேகம் கூட்டக் கூடாது; பின்னால் குட்டியோ இன்னொன்றோ வரலாம். ஹெட்லைட்டை உயர்த்தியே வைத்தால் விலங்கு கண்கூசி நடுச்சாலையில் நின்றுவிடும். கண்கள் மின்னுவதைக் கண்டவுடன் வெளிச்சத்தைத் தாழ்த்தி, ஹாரனைச் சிறிதாக அடித்து, அது விலக நேரம் கொடுங்கள்.

கடைசியாக, மோதல் தவிர்க்க முடியாது என்று தெரிந்தாலும் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகவே பிரேக் பிடியுங்கள். ஒடித்தால் எதிரே பைக்கில் வரும் தோட்டத் தொழிலாளிமேல் மோதலாம், அல்லது ஓடையில் விழலாம். அப்போது வழக்கு வனச் சட்டத்திலிருந்து மனித உயிர் பற்றிய வழக்காக மாறிவிடும். 'மிளா குறுக்கே வந்தது' என்ற தங்கள் வாதத்தைத் தாங்களே நிரூபிக்க வேண்டியிருக்கும். அடிபடாமல் காட்டுக்குள் போய்விட்ட மிளாவோ சாட்சிக்கு வராது. கார் திரும்பக் கிடைத்ததும் முன்கண்ணாடியில் ஒரு டேஷ்கேம் பொருத்துங்கள். எதிர்பாராத ஏதேனும் நடந்தால் அதன் மெமரி கார்டை அன்றே எடுத்து, வேறு பதிவு ஏறாமல் உறையில் போட்டுத் தேதியிட்டு வையுங்கள்.