வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வாங்க எது நல்ல வழி?

கோவையில் ஒரு நிறுவனத்துக்கும் அமெரிக்காவில் ஒருவருக்கும் டிசைன் செய்து தரப்போவதாகச் சொல்லி, இரண்டுக்கும் பேபால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பும் புத்தக லேஅவுட்டும் செய்கிறேன். எந்தச் செயலி என்பதெல்லாம் அப்புறம். எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்குக்கு என்ற மூன்றையும் வேலையில் கை வைக்கும் முன் மெயிலிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். ஃபைல் அவர்கள் கைக்குப் போன பிறகு இதைப் பேசினால் எடுபடாது.

பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் பணம் அனுப்பி வாங்கும் சேவையை நிறுத்திவிட்டது. ஆகவே கோவை நிறுவனத்துக்கு அது உதவாது, அமெரிக்கக்காரருக்கு மட்டும்தான். அங்கேயும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறீர்கள். கட்டணம் 4.4 சதவீதம் என்றால் 22 டாலர் அங்கேயே போய்விடும், அதற்கு மேல் ஒரு சிறு தொகையும் உண்டு. மீதியை ரூபாயாக மாற்றும்போது அன்றைய சந்தை மதிப்பு கிடைக்காது, கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள். இந்த இரண்டாவது பிடித்தம் கட்டணம் என்ற பெயரில் வராததால் பலர் கவனிப்பதே இல்லை. வங்கிக்கு வந்து சேர்ந்த ரூபாயை இன்வாய்ஸில் போட்ட டாலரால் வகுத்துப் பாருங்கள், ஒரு டாலருக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று தெரிந்துவிடும். எந்தச் சேவையையும் நான் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

பேயோனியர் என்ற இன்னொரு பணப் பரிமாற்றச் சேவையில் உங்கள் பெயருக்கு அமெரிக்க வங்கிக் கணக்கு விவரம் ஒன்று தருவார்கள். வாடிக்கையாளர் உள்ளூரில் அனுப்புவது போலவே அனுப்பிவிடலாம். மாதாமாதம் வேலை தருபவருக்கு அது வசதி. நேரடியாக வங்கிக்கே ஸ்விஃப்ட் என்ற சர்வதேச வங்கிப் பரிமாற்ற முறை வழியாக வாங்கலாம், ஆனால் நடுவில் இருக்கும் வங்கிகளும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பெரிய தொகைக்குத்தான் அது கட்டுப்படியாகும். அனுப்பும்போதே எல்லாக் கட்டணத்தையும் வாடிக்கையாளரே ஏற்கும்படி கேளுங்கள். எந்த வழியில் வந்தாலும் சரியான பர்ப்பஸ் கோடு (பணம் எதற்காக வருகிறது என்று சொல்லும் குறியீடு) கொடுத்து, வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான ஃபைரா சான்றையும் வாங்கி வைத்துவிடுங்கள். வருமான வரிக்கும், பின்னால் ஜிஎஸ்டி எடுத்தால் ஏற்றுமதி என்று காட்டவும் அதுதான் ஆதாரம்.

முன்பின் தெரியாத ஆளா? அப்படியானால் அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தின் வழியாகவே முதல் வேலையைச் செய்யுங்கள். இந்தத் தளங்கள் கமிஷன் எடுக்கும், ஃபைவர் என்ற தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, வலிக்கத்தான் செய்யும். ஆனால் அப்வொர்க்கில் மொத்தமாகப் பேசிய வேலைக்குப் பணம் முன்கூட்டியே எஸ்க்ரோவில், அதாவது தளமே பிடித்து வைத்திருக்கும் கணக்கில், வந்துவிடும். வேலையை ஒப்படைத்த பிறகு அவர் 14 நாள் வாயே திறக்காவிட்டால் தானாக விடுவிக்கப்படும். எஸ்க்ரோவில் பணம் ஏறியதைப் பார்க்காமல் மட்டும் தொடங்காதீர்கள்.

இனி கோவை. சின்னத் தொகைக்கு யூபிஐ போதும், பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை அனுப்பலாம். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. போடச் சொன்னால் அது மோசடி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறுவனங்கள் பெரும்பாலும் நெஃப்டில்தான் போடுவார்கள். இன்வாய்ஸில் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, பான் மூன்றும் இருக்கட்டும். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பொதுவாக 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே, பிடிப்பார்கள். பான் கொடுக்காவிட்டால் 20. பிடித்தது உங்கள் பணம்தான், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

இதையெல்லாம்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது உத்யம் பதிவு, அதாவது உங்கள் தொழிலைச் சிறு நிறுவனமாக அரசிடம் பதிவது. ஆதாரும் பானும் இருந்தால் இணையத்தில் இலவசமாக நீங்களே செய்துகொள்ளலாம், இதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையத் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். அது மட்டுமல்ல, கெடு தாண்டினால் பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை அந்தத் தொகையை வாடிக்கையாளர் நிறுவனம் செலவாகக் காட்டி வரி குறைக்கவும் முடியாது. ஆடிட்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எனக்கு ஒரு ஏஜென்சி "அக்கவுண்ட்ஸ்ல போட்டாச்சு மேடம், அடுத்த வாரம் வந்துடும்" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. உத்யம் எண்ணையும், இன்வாய்ஸ் தேதியிலிருந்து எத்தனை நாள் ஆகிவிட்டது என்பதையும் இரண்டே வரியில் எழுதி, அவர்களின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு நேரடியாக மெயில் அனுப்பினேன். கோபமாக ஒரு சொல்கூட எழுதவில்லை. அவர்களே கூப்பிட்டுப் பேசி முழுத் தொகையையும் போட்டார்கள்.

கோவை வேலைக்குப் பாதியை முன்பணமாகக் கேளுங்கள், தயங்காதீர்கள். மாதிரியை வாட்டர்மார்க் போட்ட குறைந்த ரெசல்யூஷனில் அனுப்புங்கள். மீதிப் பணம் கணக்கில் ஏறிய பிறகு மூல ஃபைலைக் கொடுத்தால் போதும்.