மருத்துவர் பதில்: மகனின் குடலை சிப்பில் வளர்த்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று சொல்லி ஒன்றரை வருடமாக மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறான். நடுவில் நன்றாக இருந்தான். இப்போது இரண்டு மாதமாக மறுபடியும் மலத்தில் ரத்தம் வருகிறது. வெளிநாட்டில் மனிதக் குடலையே ஒரு சிப்பில் வளர்த்து மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். இவன் குடலிலிருந்து சதை எடுத்து அப்படிச் சோதித்தால், எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்துவிடாதா? அதுவரை மாத்திரையை நிறுத்திவிட்டு புரோபயாட்டிக் மட்டும் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் இரண்டாவது கேள்விக்குத்தான் அவசரம் அதிகம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு மாதமாக ரத்தம் போகிறது என்றால், இந்த வாரமே தம்பியை அவருடைய குடல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ரத்தத்தோடு போவது, காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பி வலிப்பது என்று எது சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

சரி, இப்போது அந்த சிப். நீங்கள் பார்த்தது நிஜம்தான். அந்த ஆராய்ச்சியை நான் பல வருடமாக ஆர்வத்தோடு படித்து வருகிறேன், புரோபயாட்டிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய மருந்து, பற்றிய உங்கள் கேள்விக்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் குடலின் உட்சுவரில், உணவுக்கும் ரத்தத்துக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு வரிசை செல்கள்தான். அந்த செல்கள் பக்கத்துச் செல்லோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. மேலே ஒரு சளிப்படலம். அதற்கும் மேலே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். கீழே நோய் எதிர்ப்புச் செல்கள் காவல் இருக்கின்றன. இந்தச் செல் வரிசை மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, புதிதாக வளர்ந்துவிடும். அல்சரேட்டிவ் கொலைடிஸில் பெருங்குடலின் இந்தச் சுவர்தான் புண்ணாகிறது.

இதை உடலுக்கு வெளியே வைத்துப் படிப்பது ரொம்ப காலம் பெரும்பாடாக இருந்தது. பெருங்குடல் புற்றுநோயிலிருந்து எடுத்த காகோ-2 என்ற செல்லை பிளாஸ்டிக் தட்டில் சுமார் மூன்று வாரம் வளர்ப்பார்கள். அது தட்டையாகப் படுத்துக் கிடக்கும், குடல் மாதிரி மடிப்பே இருக்காது. அதில் பாக்டீரியாவை விட்டால், ஓரிரு நாளில் பாக்டீரியா பெருகி செல்களைக் கொன்றுவிடும். நம் குடலுக்குள் ஆயுள் முழுக்க ஒற்றுமையாக இருக்கும் இரண்டு தரப்பை ஒரு தட்டில் இரண்டு நாள் சேர்த்து வைக்க முடியவில்லை. எலியின் குடலோ பல விதங்களில் நம்முடையதைப் போல இல்லை.

2012ல் அமெரிக்காவின் பாஸ்டனில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விஸ் நிறுவனத்தில் டொனால்ட் இங்பரும் ஹியூன் ஜுங் கிம்மும் சக ஆய்வாளர்களும் மனிதக் குடல் சிப் ஒன்றை வெளியிட்டார்கள். சிப் என்றதும் கம்ப்யூட்டர் சில்லை நினைக்காதீர்கள். இது விரலளவு உள்ள, கண்ணாடி போலத் தெளிவான சிலிக்கோன் ரப்பர் துண்டு. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு நுண்குழாய்கள். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் அகலம், 0.15 மில்லிமீட்டர் உயரம். இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் உள்ள ஒரு மெல்லிய ஜவ்வு. ஜவ்வின் மேல் குடல் செல்கள் ஒட்டியிருக்கும். ஊட்ட திரவம் மணிக்கு 30 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவாக, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் உள்ள வெற்றிட அறைகள் ஜவ்வை நிமிடத்துக்குச் சுமார் ஒன்பது தடவை இழுத்து விடும். குடல் தன்னைத்தானே பிசைந்துகொள்கிறதே, அந்த அசைவுக்காக இந்த ஏற்பாடு.

இந்த ஓட்டமும் அசைவும் கிடைத்ததும், தட்டில் படுத்துக் கிடந்த அதே காகோ-2 செல்கள் சில நாளிலேயே எழுந்து, குடலுறிஞ்சிகளைப் போல விரல் விரலாக மடிந்தன. எந்த மருந்தும் சேர்க்கவில்லை, செல்லையும் மாற்றவில்லை. லாக்டோபேசில்லஸ் வகை நல்ல பாக்டீரியாவையும் அதற்குள் விட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் செல்கள் சேதமில்லாமல் கூடவே இருந்தன. இதை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

2016ல் அதே குழு, திரவ ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, இழுத்து விடும் அசைவை மட்டும் நிறுத்திப் பார்த்தது. பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியது. குடல் அசைவு மந்தமான நோயாளிகளிடம் பாக்டீரியா பெருகுவதை நாங்கள் பார்க்கிறோம். ஆனால் அசைவு குறைந்ததால் பெருகியதா, வேறு காரணமா என்று ஒரு மனிதரின் வயிற்றுக்குள் பிரித்துப் பார்க்க வழியில்லை. சிப்பில் ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் ஓடவிடலாம். இந்தக் கருவியின் பெரிய பலம் இதுதான்.

அப்புறம்தான் உங்கள் புரோபயாட்டிக். டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் கிம்மின் குழு 2018ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. எலிகளுக்குக் குடல் அழற்சியை உண்டாக்கப் பயன்படும் டெக்ஸ்ட்ரான் சல்ஃபேட் சோடியத்தை சிப்பில் செலுத்தி, செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பைத் தளர்த்தினார்கள். சுவர் தளர்ந்த பிறகு, சாதாரணமாகத் தொல்லை தராத பாக்டீரியாவும் நோய் எதிர்ப்புச் செல்களும் நேருக்கு நேர் சந்தித்தபோது அழற்சி கிளம்பியது. சுவர் உடைந்த பிறகு புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். செல்களின் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது ஆக்சிஜன் சார்ந்த வேதிப்பொருட்களால் செல்லுக்கு வரும் பாதிப்பு, குறைந்தது. ஆனால் சுவரும் சரியாகவில்லை, அழற்சியும் அடங்கவில்லை.

சிப்பில் நடந்தது அப்படியே மனிதரிடமும் நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளும் வேறு வழியில் இதே எச்சரிக்கையைத்தான் தருகின்றன. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2020ல் அந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு புரோபயாட்டிக்கை மருத்துவ ஆய்வுக்குள் மட்டும் கொடுக்கச் சொன்னது. தம்பிக்கு இப்போது ரத்தம் போகிறது, அதாவது சுவர் புண்ணாக இருக்கிறது. மெசலமைன் வேலை செய்வது அந்தப் புண்ணில். அதை எடுத்துவிட்டு புரோபயாட்டிக்கை மட்டும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வீட்டுத் தயிரும் மோரும் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடட்டும், அது உணவு.

இனி உங்கள் முதல் கேள்வி. நீங்கள் கேட்டது வீண் ஆசை இல்லை அம்மா. சிறுகுடலில் பயாப்சியாக, அதாவது சோதனைக்காக எடுத்த சிறு சதைத் துண்டிலிருந்து, புதுச் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து, ஆர்கனாய்டு என்ற சிறு உருண்டைகளாக வளர்த்து, அந்த செல்களை சிப்பில் பரப்பும் முறையை 2018லேயே செய்து காட்டிவிட்டார்கள். புற்றுநோய் செல்லை விட இது நிஜக் குடலுக்கு நெருக்கமானது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில், நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள் நோயாளியின் மலக்குடல் ஆர்கனாய்டில் மருந்தைச் சோதித்து, அவருக்கு அது கேட்குமா என்று கணித்திருக்கிறார்கள். மருந்து வேலை செய்தால் உருண்டை வீங்கும், அதைக் கண்ணாலேயே அளந்துவிடலாம்.

அது சாத்தியமானதற்குக் காரணம், அந்த நோயின் கோளாறு குடல் செல்லுக்குள்ளேயே ஒரே ஒரு புரதத்தில் இருப்பதுதான். தம்பியின் நோயில் குடல் செல், பாக்டீரியா, நோய் எதிர்ப்புச் செல் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. நீங்கள் கேட்கும் சோதனைக்கு மூன்றையும் அவரிடமிருந்தே எடுத்து சிப்பில் சேர்க்க வேண்டும். நரம்பும் ஹார்மோனும் அப்போதும் வெளியேதான் இருக்கும். இன்னொரு சிக்கல், அந்த சிலிக்கோன் சில மருந்துகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். அப்படியானால் செல்லுக்கு எவ்வளவு மருந்து போய்ச் சேர்ந்தது என்பதே சந்தேகமாகிவிடும். செல் வளரவே வாரக்கணக்கில் ஆகும். ரத்தம் போகிறவர் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

ஆகவே இன்றைக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் மருந்தைத் தேர்ந்தெடுக்க சிப் பரிசோதனை வழக்கமான சிகிச்சையில் இல்லை. யாராவது விலை சொல்லி விற்க வந்தால் பணம் கட்டாதீர்கள். குடல் கசிவைக் கண்டுபிடிப்பதாக விற்கப்படும் ஜோனுலின் ரத்தப் பரிசோதனையும் நம்பகமானது இல்லை, அதுவும் வேண்டாம். சிப் முதலில் வந்து சேரும் இடம் மருந்து தயாரிப்பு. புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்குச் சோதனைக்கு மாற்றாக இப்படிப்பட்ட முறைகளையும் பயன்படுத்த அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தில் இடம் கொடுத்தது, இந்தியா 2023ல் மருந்து விதிகளைத் திருத்தியது. ஏதாவது ஆராய்ச்சிக்காக, கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியின்போது கூடுதலாக ஒரு துண்டு பயாப்சி கேட்டால், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, ஒப்புதல் படிவத்தைப் படித்துவிட்டு விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். அந்த முடிவு தம்பியுடையது.

இந்த வாரம் மருத்துவரிடம் போகும்போது சில விஷயங்கள் முக்கியம். தம்பி நடுவில் நன்றாக இருந்த மாதங்களில் மாத்திரையை விட்டுவிட்டாரா என்று திட்டாமல் கேளுங்கள். நோய் திரும்புவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் அதுதான். மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். மலப் பரிசோதனையில் அமீபா போன்ற தொற்று இல்லை என்று பார்ப்பார்கள். ஸ்டீராய்டு தொடங்கும் முன் நம் ஊரில் இது ரொம்ப அவசியம். மலத்தில் கால்புரோடெக்டின் அளவு பார்த்தால் அழற்சி எவ்வளவு என்று தெரியும், தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி. புண் மலக்குடல் பக்கம் மட்டும் இருந்தால் மாத்திரையோடு மெசலமைன் எனிமாவோ ஆசனவாயில் வைக்கும் மருந்தோ சேர்த்தாலே பலருக்கு அடங்கிவிடும். இளைஞர்கள் அதற்குக் கூச்சப்படுவார்கள். அதனால் டாக்டர் அறைக்குள் கொஞ்ச நேரம் தம்பியைத் தனியாகப் பேச விடுங்கள்.