மணியின் மூட்டுவலியும் 1,950 ரூபாய் டப்பாவும்

கேள்வி: எங்கள் லேப்ரடார் மணிக்கு ஒன்பது வயது, எடை 38 கிலோ. காலையில் எழுந்தால் பின்னங்கால்கள் விறைத்து நிற்கின்றன, மாடிப்படி ஏறத் தயங்குகிறது. கடையில் இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்று சொல்லி 60 மாத்திரை கொண்ட டப்பாவை 1,950 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒரு மாதம் வரும் என்றார்கள். பதினைந்தே நாளில் தீர்ந்துவிட்டது. நடையில் மாற்றம் தெரியவில்லை. அடுத்த டப்பா வாங்கலாமா? மாமியார் மஞ்சள் பால் போதும் என்கிறார்.
— வாசகி, மர்பி டவுன், பெங்களூரு

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். டப்பா ஏன் பாதி மாதத்தில் தீர்ந்தது என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் ‘பத்து கிலோ எடைக்கு ஒரு மாத்திரை’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. மணிக்கு நாளொன்றுக்கு நான்கு மாத்திரை. அப்படியானால் ஒரு நாள் செலவு 130 ரூபாய், மாதம் 3,900 ரூபாய். கடைக்காரர் சொன்ன ஒரு மாதக் கணக்கு இருபது கிலோ நாய்க்குத்தான் பொருந்தும். நாய்க்கான எந்தச் சத்து மாத்திரையையும் டப்பா விலையை வைத்து ஒப்பிடாமல், உங்கள் நாயின் எடைக்கு ஒரு நாள் செலவு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.

அடுத்தது உள்ளே இருப்பது. உங்கள் டப்பாவில் மூட்டுக் குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கப்படும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின், கூடவே மஞ்சள், பச்சை உதட்டுச் சிப்பி என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எதிலும் எத்தனை மில்லிகிராம் என்ற எண் இல்லை, ‘சிறப்புக் கலவை’ என்ற சொல்தான் இருக்கிறது. அளவைச் சொல்லாத கலவைக்கு நான் ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன். அளவு சொல்லியிருந்தாலும் குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் நாய்களின் மூட்டுவலியைக் குறைப்பதற்கு நல்ல சான்று இல்லை. நாய், பூனைகளில் நடந்த சோதனைகளைத் திரட்டி 2022-ல் வெளியான ஆய்வு இந்த இரண்டையும் பலனற்றவை என்றே மதிப்பிட்டது. அதே ஆய்வில் ஓரளவு நம்பிக்கை தந்தது ஒமேகா-3 கொழுப்பு, அதாவது மீன் எண்ணெயில் உள்ள இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும்.

மீன் எண்ணெயிலும் ஏமாறும் இடம் உண்டு. ‘1000 மில்லிகிராம்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரை ஒன்றில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக 300 மில்லிகிராம்தான் நமக்கு வேண்டிய பொருள். பின்பக்கம் இந்த இரண்டு எண்களும் இல்லையென்றால் திருப்பி வைத்துவிடுங்கள். மணிக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் எடையைப் பார்த்துச் சொல்லட்டும். அளவு மீறினால் வயிறு இளகும், ரத்தம் உறைவதும் பாதிக்கப்படலாம், எண்ணெய் என்பதால் எடையும் கூடும்.

எடைதான் மணியின் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை. 38 கிலோ பெரும்பாலான லேப்ரடாருக்கு அதிகம். 48 லேப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு உணவை 25 சதவீதம் குறைத்து, அவற்றின் ஆயுள் முழுவதும் கவனித்தார்கள். முடிவு 2002-ல் வெளியானது. குறைவாக உண்டவற்றின் நடுமட்ட ஆயுள் (பாதி நாய்கள் தாண்டிய வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானத்துக்கான சிகிச்சையும் அவற்றுக்குப் பிந்தியே தேவைப்பட்டது. எந்த டப்பாவும் இப்படி ஒரு பலனைக் காட்டியதில்லை. மணியின் தட்டில் விழும் பிஸ்கட், மீதிச் சோறு, நெய் தடவிய சப்பாத்தி எல்லாவற்றையும் ஒரு வாரம் எழுதி வையுங்கள். நீங்களே திடுக்கிடுவீர்கள்.

அதற்கும் முன்னால், இது மூட்டுத் தேய்மானம்தானா என்பது தெரிய வேண்டும். பின்னங்கால் விறைப்பு இடுப்பு மூட்டுக் கோளாறாலும், முழங்கால் தசைநார் கிழிந்ததாலும், உண்ணிக் காய்ச்சலாலும் வரும். கடைசியாகச் சொன்னது நம் ஊரில் அரிதல்ல. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. அடுத்த டப்பாவுக்கு வைத்திருக்கும் பணத்தை எக்ஸ்ரேக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் செலவிடுங்கள். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அழைத்துச் செல்லலாம்.

மாமியாரின் மஞ்சளில் சிட்டிகையளவு உணவோடு சேர்வதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனால் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்வதும் இல்லை. அதனால் மஞ்சள் பாலை மருந்தாக எண்ண வேண்டாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் மணி நடக்கும் வழியெங்கும் ரப்பர் பாய் விரியுங்கள். அது வழுக்குவது குறையும்.

கேள்வி: வீட்டில் எனக்கு வாங்கிய மூட்டுவலி மாத்திரை இருக்கிறது. அதையே என் நாய்க்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா?
— வாசகர், சிவாஜி நகர்

பதில்: கூடவே கூடாது. இபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். மனிதர்களுக்கான சில மெல்லும் மாத்திரைகளில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பார்கள். நாய்க்கு அது கொடிய நஞ்சு, ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். காட் லிவர் எண்ணெயை மீன் எண்ணெய்க்குப் பதிலாக ஊற்றாதீர்கள், அதில் வைட்டமின் ஏ, டி மிகுந்து சேர்ந்துவிடும். ரசல் மார்க்கெட்டில் மத்தி மீன் வாங்கி, உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு எப்போதாவது கொடுங்கள். நாய் மகிழ்ந்து உண்ணும்.

கேள்வி: டப்பாவில் ‘மூட்டுவலியை முற்றிலும் குணமாக்கும்’ என்று அச்சிட்டிருக்கிறது. விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரை இருந்தால் நம்பலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், அல்சூர்

பதில்: 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் ‘உணவு’ என்பதில் விலங்குத் தீவனம் அடங்காது. ஆகவே நாய் மாத்திரையில் அந்த முத்திரை அதன் தரத்துக்குச் சான்றாகாது. விலையைக் குறைப்பதற்காக மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் தொடர்பு விவரம் எல்லாம் டப்பாவில் இருந்தாக வேண்டும்.

ரசீதையும் டப்பாவையும் எறியாதீர்கள். ஸ்டிக்கரையும் குணமாக்கும் என்ற வரியையும் படமெடுத்து, முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ரசீது இல்லாமல் வாங்கியிருந்தால் இன்றே அந்தக் கடைக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள்.