சால்ஸ்பர்க் போற வழியில 60 யூரோ அபராதம்

ஜெர்மனி முழுக்க லோக்கல் ட்ரெய்ன்ல போற மாச பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட்ட வச்சுக்கிட்டு ஆஸ்திரியாவுல இருக்குற சால்ஸ்பர்க்குக்கு போனப்ப 60 யூரோ அபராதம் போட்டாங்க, ஃப்ரெண்ட் செல்லும்னு சொன்னாரே, கட்டாம விடலாமான்னு கேட்டிருந்தீங்க. இல்ல, அந்த 60 யூரோவை அநேகமா கட்டித்தான் ஆகணும். டாய்ச்லாண்ட் டிக்கெட் முனிச்சிலருந்து சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும்தான், உங்க ஃப்ரெண்ட் சொன்னது பொய் இல்ல, ஆனா லோக்கல் ட்ரெய்ன்ல மட்டும்.

நீங்க ஒன்றரை மணி நேரத்துல போயிடும்னு சொன்னத பாத்தா ஈசி (EC, யூரோசிட்டி) இல்லன்னா ரயில்ஜெட் (RJ) மாதிரி வேகமான தொலைதூர ட்ரெய்ன்ல ஏறிருப்பீங்கன்னு தோணுது, இதுவும் லோக்கல் ட்ரெய்னும் ஒரே ஊருக்குத்தான் போகுது அதனால எல்லாரும் குழம்புறாங்க, நானும் முதல் செமஸ்டர்ல இப்படித்தான் மாட்டுனேன்.

அபராத சீட்டுல ட்ரெய்ன் நம்பர் இருக்கும், அத பாருங்க. அதுல ஆர்இ, ஆர்பி, பிஆர்பி, எஸ்-பான்னு லோக்கல் ட்ரெய்ன் பேர் இருந்தா டிக்கெட் செல்லும், அப்போ தாராளமா எதிர்த்து எழுதலாம். ஐசிஇ, ஐசி, ஈசி, ஆர்ஜேன்னு தொலைதூர ட்ரெய்ன் பேர் இருந்தா எதிர்க்கிறத விட்டுடுங்க, தேதிக்குள்ள கட்டிடுங்க, இல்லன்னா நினைவூட்டல் கட்டணம் வேற சேரும்.

அடுத்த தடவை ஆப்ல லோக்கல் ட்ரெய்ன் மட்டும் காட்டுற ஆப்ஷன போட்டு தேடுங்க. கொஞ்ச நேரம் கூட ஆகும், சனிக்கிழமை காலைல சீட்டும் கிடைக்காது, வழியில வர்ற கீம்சே ஏரிப் பக்கம் நின்னுக்கிட்டே போக வேண்டியதுதான்.

ஒண்ணு மட்டும், சால்ஸ்பர்க் ஸ்டேஷனோட இந்த டிக்கெட் செல்றது முடிஞ்சுது, அங்க டவுன் பஸ்ஸுக்கு தனியா எடுக்கணும். திரும்பி வரும்போது பார்டர்ல போலீஸ் ஏறலாம், பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டும் ஒரிஜினலாவே வச்சுக்கோங்க, போன்ல இருக்குற போட்டோவ நம்பாதீங்க.