வளர்ந்த தவளையின் இதயத் தசைச் செல்களை உயிரோடு பிரிப்பது எப்படி?

இதயச் சுவரைக் கரைத்து, செல்களைத் தனித்தனியாக, சவ்வு கிழியாமல் எடுப்பதுதான் இந்த வேலை. தொடுத்த மல்லிகைச் சரத்தில் பூ கசங்காமல் நாரை மட்டும் அவிழ்ப்பது போல.

செல்களைப் பிணைப்பவை இரண்டு: கொலாஜன் நார்களும், கால்சியம் இருந்தால் மட்டுமே பிடித்துக்கொள்ளும் ஒட்டுப் புரதங்களும். அதனால் முதலில் கால்சியம் இல்லாத ரிங்கர் கரைசலால் (உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசல்) கழுவி, பிறகு கொலாஜனைக் கரைக்கும் கொலாஜனேஸ் நொதியைச் செலுத்துகிறார்கள். தவளைக்கான கரைசலில் உப்பு சுமார் 0.65% போதும், பாலூட்டிகளுக்குரிய 0.9% செல்லைச் சுருக்கிவிடும். வென்ட்ரிக்கிள் (இதயத்தின் கீழறை) சுவர் பஞ்சு போன்றது என்பதால் உள்ளறையை நிரப்பினாலே நொதி ஊறிவிடும். நேரம் கூடினால் சவ்வும் சிதையும். கரைசல் கலங்கத் தொடங்கியதும் நொதியை நிறுத்தி, அகன்ற முனைப் பிப்பெட்டால் மெதுவாகக் கலக்க வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது அடுத்த கட்டத்தில்தான். கால்சியத்தை ஒரேயடியாகத் திருப்பிச் சேர்த்தால் அது செல்லுக்குள் பாய்ந்து, செல் சுருண்டு உருண்டையாகிச் சாகும். கால்சியச் செறிவை 0.1, 0.5, 1, 1.8 மில்லிமோலார் என, ஒவ்வொரு படிக்கும் சில நிமிடம் விட்டு ஏற்றுங்கள். நல்ல செல் நீண்டு மெலிந்து, குறுக்குவரி தெளிவாக இருக்கும். இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரைப்பான் நீலச் சாயம் அதில் ஏறாது.

தானாகத் துடிக்கும் செல்தான் ஆரோக்கியமானது என்று பலர் நினைக்கிறார்கள். வென்ட்ரிக்கிள் செல் தூண்டாதவரை அமைதியாகக் கிடக்க வேண்டும், தானே துடித்தால் பெரும்பாலும் கால்சியம் கசிகிறது என்று பொருள்.