மாப்பிள்ளை உயரம் 183 சென்டிமீட்டர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போகிற போக்குல நாலே வரி எழுதினேன். இங்க டோக்கியோவுல என் ஆபீஸ் தோழி, 34 வயசு, தனியா கல்யாண டிரெஸ் போட்டு ஸ்டூடியோவுல போட்டோ எடுத்துக்கிட்டா, மாப்பிள்ளை ஒரு மொபைல் கேம்ல வர்ற கேரக்டர், துணைக்கு நான் போனேன்னு. அவ்ளோ தான். ஜப்பான் சமையல், ரயில், வாடகைன்னு நான் மாஞ்சு மாஞ்சு எழுதுனதுக்கெல்லாம் வராத கடிதம் இதுக்கு வந்து குவிஞ்சிருக்கு. அதனால இந்த தடவை முழுக்க இதே தான்.

மேடம், மாப்பிள்ளையே இல்லாம கல்யாண போட்டோவா? ஸ்டூடியோக்காரன் சிரிக்க மாட்டானா? (மதுரையிலருந்து ஒரு வாசகர்)

ஒருத்தர் சிரிச்சார், போன்ல. அவ மொதல்ல கூப்பிட்ட இடத்துல "அப்ப அவர் எப்ப வருவார்"னு கேட்டு, விஷயம் புரிஞ்சதும் ஒரு சின்ன சத்தம் வந்துச்சாம், அதோட இவ போன வச்சிட்டா. ரெண்டாவது இடத்துல சிரிக்கல.

இங்க கல்யாண ஆல்பம்ங்கறது கல்யாணத்தன்னைக்கு எடுக்குறது மட்டும் இல்லீங்க. முன்னாடியே ஒரு நாள் தனியா போய் டிரெஸ், கிமோனோ எல்லாம் போட்டு எடுப்பாங்க, மாஎதோரின்னு பேரு. வாடகை டிரெஸ், தலை அலங்காரம், மேக்கப், கேமரா எல்லாம் ஒரே கூரைக்குள்ள ரெடியா இருக்கும். அப்ப பொண்ணு மட்டும் தனியா வந்தா அவங்களுக்கு பாதி வேலை மிச்சம், அவ்ளோ தானே. 2014ல கியோட்டோவுல செர்கா டிராவல்னு ஒரு டிராவல் ஏஜென்சி "சோலோ வெட்டிங்"னே பேர் வச்சு ரெண்டு நாள் பேக்கேஜ் ஆரம்பிச்சாங்க, டிரெஸ் செலக்‌ஷன், பூங்கொத்து, தலை அலங்காரம், லிமோசின் கார், கடைசில ஆல்பம். அதுக்கும் கேரக்டருக்கும் சம்பந்தம் இல்ல. கல்யாணம் ஆகாதவங்க, ஆயும் அப்ப சரியா செய்ய முடியாதவங்க, அந்த டிரெஸ்ஸ ஒரு நாளாவது போடணும்னு ஆசைப்பட்டவங்களுக்காக வந்தது.

அந்த ஏற்பாட்டுக்குள்ள தான் இந்த ஓஷி கூட்டம் நுழைஞ்சது. ஓஷின்னா "தள்ளுறது", அதாவது ஒருத்தர முன்னாடி தள்ளி விடுற மாதிரி ஆதரிக்கிறது. பாடகரா இருக்கலாம், நடிகரா இருக்கலாம், படத்துல வரைஞ்ச ஆளா இருக்கலாம். "என் ஓஷி"ன்னா நம்ம ஊர்ல "எங்க தலைவர்"னு சொல்றோம்ல, அதுல பாதி, மீதி பாதிக்கு நம்மகிட்ட வார்த்தை இல்ல. அந்த ஓஷிக்காக செய்யற எல்லாத்துக்கும் ஓஷிகட்சுன்னு பேரு, 2021ல அந்த வருஷத்து புதுச்சொல் விருதுக்கு போன பட்டியல்லயே இந்த வார்த்தை இருந்துச்சு.

அன்னைக்கு என்ன தான் நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க அக்கா, நாலு வரில முடிச்சா எப்படி! (சேலம் வாசகி)

சொல்றேன். காலைல ஒம்போது மணி. அவ ஒரு டிராலி பெட்டி கொண்டு வந்தா. அதுக்குள்ள அவனோட அக்ரிலிக் ஸ்டாண்ட் மூணு (பிளாஸ்டிக் தகடுல படத்த அச்சடிச்சு நிக்க வைக்கிற மாதிரி இருக்கும், ஒரு சாண் உயரம்), ஒரு பஞ்சு பொம்மை, அந்த பொம்மைக்கு அவளே தைச்ச குட்டி கோட்டு, மோதிரப் பெட்டி, ஊதா ரிப்பன் ஒரு உருண்டை. ஊதா ஏன்னா அவனோட கலர் ஊதா. இங்க ஒவ்வொரு கேரக்டருக்கும் ஒரு கலர் உண்டு, ரசிகைங்க நகப்பூச்சுலருந்து குடை வரைக்கும் அதே கலர்ல வச்சிருப்பாங்க. மேக்கப் போடுற பொண்ணு மொத கேள்வியே "உங்க ஓஷி என்ன கலர்"னு தான் கேட்டுச்சு, கேட்டுட்டு கண்ணோரத்துல ஊதா லேசா, ரொம்ப லேசா, கிட்ட போனா தான் தெரியும்ங்கற மாதிரி வச்சு விட்டுச்சு.

டிரெஸ் மாட்டி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதுக்குள்ள நான் ஓரமா உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு, உண்மைய சொல்லணும்னா, மனசுக்குள்ள சிரிச்சிக்கிட்டு தான் இருந்தேன்.

அப்புறம் போட்டோகிராபர் வந்தார், அம்பது வயசு இருக்கும். வணக்கம் சொல்லிட்டு, நோட்டுப் புக்க தொறந்து "மாப்பிள்ளை உயரம் எவ்வளவு?"னு கேட்டார். இவ யோசிக்கவே இல்ல, "183". இந்த கேரக்டருங்களுக்கு உயரம், எடை, பிறந்தநாள், பிடிச்ச சாப்பாடு வரைக்கும் கம்பெனியே அறிவிச்சிருக்கும், ரசிகைங்களுக்கு அது மனப்பாடம். அவர் எழுதிக்கிட்டு அடுத்து கேட்டார் பாருங்க, "அது செருப்போடவா, வெறுங்காலோடவா?"

அங்க இவ திகைச்சிட்டா. நிஜமாவே யோசிக்கிறா. வெறுங்கால் உயரமா தான் இருக்கும், கல்யாணத்துக்கு ஷூ போடுவான், ஒரு மூணு சென்டிமீட்டர் கூட்டிக்கலாமான்னு அவர்கிட்டயே கேக்குறா, அவரும் தலைய ஆட்டிட்டு, அப்ப 186, கண்ணு உச்சந்தலையிலருந்து ஒரு பன்னெண்டு கீழ இருக்கும், 174ன்னு கணக்கு போட்டு, ஒரு லைட் ஸ்டாண்ட எடுத்து டேப் வச்சு அளந்து 174ல ஊதா டேப்பு துண்டு ஒண்ணு ஒட்டுனார். எங்கிட்ட குடுத்து "இத புடிச்சிக்கிட்டு நான் சொல்ற இடத்துல நில்லுங்க, அவங்க பார்வைக்கு ஒரு இடம் வேணும்"ன்னார். நான் காப்பிய வச்சிட்டு எந்திரிச்சு போய் கம்பிய புடிச்சேன்.

எனக்கு அவள ஏழு வருஷமா தெரியும். மீட்டிங்ல பாத்திருக்கேன், கடைசி ரயில புடிக்க ஓடுறப்ப பாத்திருக்கேன், அவங்க அப்பா செத்த வாரத்துல பாத்திருக்கேன். அந்த ஊதா டேப்ப அவ நிமிந்து பாத்த பார்வைய அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. நான் கம்பிக்கு ரெண்டடி பின்னாடி நிக்கிறேன், அந்த பார்வை எனக்கு இல்லன்னு நல்லா தெரியும், ஆனாலும் ஏதோ அடுத்தவங்க கடிதத்த பிரிச்சு படிச்ச மாதிரி கூச்சமா போயி நான் தரைய பாத்துக்கிட்டேன். கம்பி ஆடுதுன்னு ரெண்டு தடவ திட்டு வாங்குனேன்.

இன்னொண்ணு. பூங்கொத்துக்குள்ள அக்ரிலிக் ஸ்டாண்ட செருகி வச்சு எடுக்குறப்ப லைட் பட்டு பிளாஸ்டிக் பளபளன்னு அடிச்சு அவன் மூஞ்சியே தெரியல, கோணத்த மாத்தி மாத்தி வைக்கிறாங்க, அதுல அவன் நழுவி விழப் போனான். மேக்கப் பொண்ணு பாஞ்சு வந்து ரெண்டு கையாலயும் ஏந்துச்சு. ஏந்திட்டு அந்த பிளாஸ்டிக் தகட்ட பாத்து "சுமிமாசென்"னுச்சு. மன்னிச்சிருங்கன்னு அர்த்தம். யாரும் சிரிக்கல, நானும் தான்.

அந்த கேரக்டர் பேர் ஏன் சொல்லல? (சென்னை, கல்லூரி மாணவி)

சத்தியம் வாங்கிட்டா தாயி. இங்க தோதான் கியோஹின்னு ஒண்ணு உண்டு, ஒரே ஆள ஓஷியா வச்சிருக்குற இன்னொரு ரசிகைகிட்ட ஒட்டும் வேணாம் உறவும் வேணாம்னு ஒதுங்குறது. சக்களத்தி சண்டை தான், ஆனா வாயே தொறக்காம நடக்கும்.

இந்த கல்யாணம் சட்டப்படி செல்லுமா? (கோயம்புத்தூர், வழக்கறிஞர்)

செல்லாது சார். இங்க கல்யாணம்ங்கறது அய்யர், மேளம், சர்ச் எதுவும் இல்ல, முனிசிபல் ஆபீஸ்ல ஒரு பாரம் நிரப்பி குடுக்குறது தான், ரெண்டு மேஜரானவங்க சாட்சி கையெழுத்து போடணும். அரசியல் சட்டம் 24வது பிரிவு ரெண்டு பேரோட சம்மதம் வேணும்னு சொல்லுது. கேரக்டர் எங்க சம்மதிக்கிறது.

ஆனா சட்டம் கெடக்கட்டும்னு சடங்கா செஞ்சவங்க உண்டு. 2009ல ஒருத்தர் நின்டெண்டோ டிஎஸ்னு கைல வச்சு ஆடுற கேம் மெஷின்ல வர்ற லவ் பிளஸ் கேம் நாயகிய குவாம் தீவுல போய் கட்டிக்கிட்டார். உலகம் பூரா பேசுனது 2018 நவம்பர்ல அகிஹிகோ கோண்டோங்கறவர் ஹாட்சுனே மிக்குவ கட்டுனது. மிக்குன்னா 2007ல வெளிவந்த பாட்டு பாடுற மென்பொருளோட முகம், நீலப்பச்சை சடை ரெண்டு தொங்கும், 16 வயசுன்னு வச்சு வரைஞ்ச பொண்ணு. அவர் அப்ப அரசு பள்ளிக்கூட ஊழியர், முன்ன வேலை பாத்த இடத்துல ரொம்ப கொடுமை பட்டு வீட்டுக்குள்ளயே முடங்கி கெடந்தப்ப அந்த குரல் தான் தன்ன தூக்கி விட்டுச்சுன்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். செலவு 20 லட்சம் யென், வந்தவங்க சுமார் 40 பேர், அம்மா வரல. அவர் வீட்டுல கேட்பாக்ஸ்னு ஒரு கண்ணாடி குடுவை, அதுக்குள்ள மிக்கு ஒளி உருவமா வந்து பேசும். அந்த கம்பெனி இப்படி கட்டிக்கிட்டவங்களுக்கு 3,700க்கு மேல "கல்யாண சர்டிபிகேட்" குடுத்திருந்துச்சு, சட்டத்துல செல்லாத காகிதம் தான். 2020 மார்ச்ல மிக்கு பேசுற அந்த சேவைய நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் குடுவை இருக்கு, பேச்சு இல்ல. அவர் விடல, ஆளுயர பொம்மை ஒண்ணு செஞ்சு வச்சுக்கிட்டார்.

என் தோழி இதெல்லாம் செய்ய மாட்டா. அவளுக்கு தாலி கட்டுன நெனப்பெல்லாம் இல்ல, போட்டோ போதும். எல்லாரையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க.

2022ல குஜராத் வடோதராவுல ஒரு பொண்ணு தன்னையே கட்டிக்கிச்சே, அது தானே இது? (திருச்சி)

இல்லங்க. அது தனக்கு தானே வாக்கு குடுக்குறது. இதுல எதிர்ல ஒருத்தன் இருக்கான். 174 சென்டிமீட்டர்ல.

எவ்ளோ செலவாச்சு? (ஈரோடு)

அவ கணக்க நான் கேக்கல, ஊர்ல தான் சம்பளத்த கேப்போம். பொதுவா சொல்றேன், நான் சொன்ன கியோட்டோ பேக்கேஜ் ஆரம்பிச்சப்ப மூணு லட்சம் யென் பக்கம் இருந்துச்சு, ஒரு யென்ன அரை ரூபாய்க்கு கொஞ்சம் மேல வச்சு பாத்துக்கோங்க. ஸ்டூடியோக்குள்ள மட்டும் எடுத்தா அதுல கொஞ்சம் தான் ஆகும். டிரெஸ் எண்ணிக்கை, எத்தனை படம் கைக்கு வரும், ஆல்பமா வெறும் பைலா, இதுல தான் விலை ஏறும். எங்கள அனுமதிச்ச இடத்துல ஒரு நிபந்தனை போட்டாங்க, பொருள் நீங்க கொண்டு வாங்க, ஆனா கேரக்டர் படத்த கம்ப்யூட்டர்ல ஒட்டி சேத்து தர மாட்டோம்னு. அது வரைஞ்ச கம்பெனியோட காப்புரிமை சமாச்சாரம், நியாயம் தான். என்ன கேட்டா ஒட்டு வேலை இல்லாத படம் தான் நல்லா இருக்கு, பக்கத்துல ஒரு ஆள் அளவுக்கு எடம் விட்டு எடுத்திருக்கார் மனுஷன்.

கடன் வாங்கி செய்யாதீங்க. இது எல்லா கல்யாணத்துக்கும் பொருந்தும், நெஜ மாப்பிள்ளை இருந்தாலும்.

என் பொண்ணுக்கு 19 வயசு. ரூம் முழுக்க அனிமே படம். நீங்க எழுதுனத படிச்சிட்டு "அம்மா நானும்"ங்கறா. கல்யாணமே வேணாம்னு சொல்லிருவாளோன்னு பயமா இருக்கும்மா. (பேர் ஊர் வேணாம்னு எழுதியிருக்குற ஒரு அம்மா)

உங்க பயம் இங்கயும் உண்டு. கல்யாணத்துக்கு முன்ன கல்யாண டிரெஸ் போட்டா கல்யாணம் தள்ளிப் போகும்னு ஜப்பான் பாட்டிங்க சொல்வாங்க. மார்ச் 3 பொம்மைத் திருவிழா முடிஞ்சதும் கொலு மாதிரி வச்ச பொம்மைகள எடுத்து வைக்க லேட் பண்ணாலும் பொண்ணுக்கு கல்யாணம் லேட் ஆகும்பாங்க. பயத்துல நம்மளுக்கு சளைச்சவங்க இல்ல.

ஆனா கணக்க பாருங்க. 1980ல இங்க 50 வயசு வரைக்கும் கல்யாணமே ஆகாத பொண்ணுங்க நூத்துக்கு நாலஞ்சு பேர், ஆம்பளைங்க மூணு பேர் கூட இல்ல. 2020 கணக்கெடுப்புல பொண்ணுங்க 17.8, ஆம்பளைங்க 28.3 சதவீதம். சம்பளம், வேலை நேரம், புள்ளைய யார் பாத்துக்குறதுன்னு அதுக்கு ஆயிரம் காரணம், பிளாஸ்டிக் தகடு அந்த வரிசைல எங்கயோ கடைசில நிக்குது. என் தோழிக்கு ரெண்டு வருஷம் ஒரு நெஜ ஆள் இருந்தான், முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் தான் இந்த போட்டோன்னு நீங்க முடிச்சு போடாதீங்க, ஓஷி அவனுக்கு முன்னயே இருந்தான், அவனுக்கும் தெரியும்.

பொண்ணு காலேஜ் போறாளா, சாப்பிடுறாளா, சிநேகிதிங்க வீட்டுக்கு வர்றாங்களா? அப்ப சும்மா விடுங்க. கதவ சாத்திக்கிட்டு ஒருத்தர் கூடவும் பேசாம இருந்தா தான் கவலைப்படணும், அப்பவும் சுவத்துல இருக்குற படத்த கிழிக்காதீங்க, வேற என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஆமா, அவ யார ஓஷியா வச்சிருக்கான்னு உங்களுக்கு பேராவது தெரியுமா? பேர கேட்டு எனக்கு எழுதுங்க.

அந்த போட்டோவ எங்க மாட்டியிருக்காங்க? அவங்க அம்மா பாத்தாங்களா? (காரைக்கால்)

அலமாரி கதவுக்கு உள்பக்கம். கேஸ் செக் பண்ண வர்றவர் கண்ணுல பட வேணாம்னு. அம்மா புத்தாண்டுக்கு சிஸுவோக்காவுலருந்து வந்தப்ப மெத்தை விரிப்பு எடுக்க தானா கதவ தொறந்துட்டாங்களாம். ரொம்ப நேரம் பாத்துட்டு, வலது பக்கம் ஏன் இவ்ளோ எடம் காலியா இருக்குன்னு கேட்டாங்களாம், இவ சொல்லிட்டா. "அப்ப ஷிரோமுக்கு ஏன் போடல"ன்னாங்களாம். ஷிரோமுக்குன்னா தலைமுடி மறைப்புலருந்து கால் வரைக்கும் முழு வெள்ளையில வர்ற கல்யாண கிமோனோ.

வர்ற இலையுதிர் காலத்துக்கு தேதி வாங்கியாச்சு, கம்பி புடிக்க என்னையே கூப்பிட்டிருக்கா. கிமோனோன்னா அவனும் ஷூ போட மாட்டான், ஜோரி செருப்பு தான், அதுக்கு எத்தனை சென்டிமீட்டர் கூட்டணும்னு மதிய சாப்பாட்டு நேரத்துல இப்பவே தகராறு.